கொஞ்சம் நீளம்

கதை எழுதக் கற்றுக்கொள்கிறவர் என்று ஒரு ரகம் நம்மிடையே உண்டு. கதை எழுதுகிறவர் வேறு. அவர் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார். இவர் கற்றுக்கொள்கிறவர். அடுத்தவர் எழுதியதைப் படித்து, நொட்டை சொல்லிச் சொல்லியே கற்றுக்கொள்கிறவர். ரயிலில் உங்கள் எதிரே உட்கார்ந்து, வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பாதிக் கதையிலேயே மூக்கால் ஒரு சத்தம் விடுவார், பார்த்திருக்கிறீர்களா? அவரேதான்.

திருப்பாச்சூர் லோகநாதன் இந்த ரகத்தில் அசல். வீட்டில் நெல் விவசாயம், பட்டணத்தில் குமாஸ்தா வேலை, மனசெல்லாம் இலக்கியம். 1969-இல் திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சிறுகதைப் பயிற்சி வகுப்பு நடந்தது. மணவாளன் என்ற பத்திரிகை உதவி ஆசிரியர் சென்னையிலிருந்து வந்து நடத்தினார். அன்றைக்கு வெளிவந்துகொண்டிருந்த புதுக் கதைகளைப் படித்துவந்து விமர்சிக்க வேண்டும். பிறகு தாமும் எழுத வேண்டும். முதல் காரியத்தை லோகநாதன் நாலு பேருக்குச் சேர்த்துச் செய்தார். இரண்டாவதற்கு அவரிடம் ஒரு முதல் வாக்கியம் தயாராக இருந்தது: 'மழை வரும்போல் இருந்தது.' வகுப்பில் சேர்ந்த நாளாக வரும்போலவேதான் இருந்தது.

"இந்தக் கதையில் ஏதோ ஒன்று குறைகிறது" என்பார்.

"என்ன குறையுது சார்?"

"அதைச் சொல்ல முடிந்தால் அது குறையே இல்லை."

வகுப்பு வாயைப் பிளக்கும். முக்கியமாக, எந்தக் கதையின் முடிவும் அவருக்குப் பிடிக்காது. கல்யாணத்தில் முடிந்தால் சினிமா என்பார். சாவில் முடிந்தால் பழசு என்பார். பின்னே எதில்தான் முடிப்பது? அதைக் கேட்க ஆள் இல்லை.

அந்த வகுப்பில் முதன்முதலாக அச்சில் வந்தவர் ஆரோக்கியமேரி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவருடைய 'உப்புக் கை' என்ற கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்திருந்தது. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிற ஒருவன், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வேறொருத்தியிடம் போய்விடுகிறான். மாமியார் மகன் பக்கம் பேசுகிறாள். மனைவி அஞ்சம்மாள் தனியாகக் கிடந்து கருவாடு போட்டுப் பிழைக்கிறாள். மேரியின் அண்ணனோ, "ஒண்ணு அச்சுல வந்தாச்சு இல்ல? ஆசை தீந்துது, வுட்டுடு" என்று சொல்லிவிட்டார். மேலே எழுதலாமா, நிறுத்திவிடலாமா? வகுப்பு சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தார் மேரி. விமர்சிக்கிற முறை லோகநாதனுக்கு வந்தது.

இதற்கிடையில் திருப்பாச்சூரில் ஒரு சிறு சம்பவம். லோகநாதனின் மனைவி செல்வி குறுக்கெழுத்துப் போட்டிப் பைத்தியம். அந்த வாரப் போட்டி, மேரி கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்புறம் அச்சாகியிருந்தது. செல்வி தாளைக் கத்தரித்துப் போட்டிக்கு அனுப்பிவிட்டாள். லோகநாதன் கையில் கிடைத்த கதை, 'அஞ்சம்மாள் கதவைத் திறந்தாள். வெளியே' என்பதோடு நின்றது. பக்கத்தைப் புரட்டினால் கூந்தல் தைல விளம்பரம்.

நீங்களும் நானும் தாளைக் காணோமே என்று தேடுவோம். லோகநாதனுக்கோ உடம்பு புல்லரித்தது.

வகுப்பில் எழுந்து நின்றார். "தமிழில் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. 'வெளியே'! அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. வெளியே யார்? புருஷனா, கடலா, காலமா? சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!"

பின்வரிசையில் இருந்த பரசுராமன், பஞ்சாயத்து ஆபீஸ்காரர், கதையையே படிக்காதவர், "அதான் சார் என்னையும் உலுக்கிடுச்சு" என்றார். எல்லாத் தலைகளும் ஆடின.

மேரி முகம் சிவந்தது. "சார், அதுக்கப்புறம் இன்னொரு பக்கம் இருக்குதே?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மணவாளன் மட்டும் சிரிக்காமல், "அதைப் படிங்கம்மா" என்றார்.

மேரி தம் பிரதியைப் பிரித்து வாசித்தார். வெளியே நின்றவள் மாமியார். கையில் துணி மூட்டை. "அவன் வேணாண்டி எனக்கு. உன்னோடவே இருந்துக்கறேன். கருவாடு காயப்போட ஒரு கை கூட இருக்கட்டும்" என்கிறாள். அஞ்சம்மாள் நகர்ந்து வழிவிடுகிறாள்.

இத்தனை நாளில் எந்தக் கதையும் லோகநாதனை இப்படிப் பிடித்து உலுக்கியதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், சத்தியமாக. ஆனால் பழகிய வாய் அல்லவா?

"கொஞ்சம் நீளம்" என்றார்.

மேரி பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வகுப்புக்கு வரவில்லை.

மேரி வராத அன்று ராத்திரி, வீட்டில் செல்விக்கு அந்த முடிவைச் சொன்னார் லோகநாதன்.

"தெரியுமே. அதைப் படிச்சு அழுதுகினேதான் கட்டம் ரொப்பினேன்" என்றாள் செல்வி. "அந்தப் பொண்ணாண்ட இன்னா சொன்னீங்க?"

சொன்னார்.

"நீளமா? எது, உங்க நாக்கா?"

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, லோகநாதன் பஸ் மாறி மாறி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தார். மேரி மரத்தடியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், கதை நல்லா இருந்துது. நிறுத்தாதீங்க. அன்னிக்கு வாய் தப்பா பேசிடுச்சு."

"இதுக்காகவா இம்மாந் தூரம் வந்தீங்க?" மேரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்துக்குள் போய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது புதுசு. கடைசித் தாள் இருக்குதான்னு பாத்துக்குங்க."

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் முடிந்து திரும்பும் ரயிலில் அதை எடுத்தார். திருநின்றவூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கடைசி வரியை முடித்துத் தலை நிமிர்ந்தால் கடம்பத்தூர். திருவள்ளூர் தாண்டிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேரி வகுப்புக்கு வந்திருந்தார். லோகநாதன் எழுந்து, "உங்க கதையால நான் எறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விட்டுட்டேன்" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன மிகச் சிறந்த விமர்சனம் அது. மேரியின் கண்ணில் நீர் கட்டியது.

அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"ஆனால் ஆரம்பம் மட்டும்…" என்று தொடர்ந்தார்.

மேரி விழுந்து விழுந்து சிரித்தார்.

இதைப் படித்ததும் உங்களுக்கும் யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். பத்திரிகையை மடித்துக்கொண்டு, அவரிடம் காட்ட எழுந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. சற்றே உட்காருங்கள். அவரும் ஒரு பிரதியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் தெருமுனையில்தான் வந்துகொண்டிருக்கிறார்.