உள்ளங்கைக் கோப்பு

நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் அக்காவுக்குப் பத்து வயதில் காது போனது, முப்பதில் கண் போனது. வாய் மட்டும் போகவில்லையே என்பது அண்ணனின் மனக்குறை. தனி அறையில், தன் சம்பாத்தியத்தில் இருந்தாள். கடைக்குக் கூட்டிப்போக, நாலு பேர் பேசுவதைச் சொல்ல, நல அலுவலகம் ஒரே ஒரு மாதத்துக்குத் துணைப்பெண் ஒருத்தியைத் தந்திருந்தது. மாதம் முடிந்தால் அண்ணன் வீடுதான். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. வாசலைத் தாண்ட வழி கிடையாது.

அந்த ஒரு மாதத்துக்கு நீட்டிப்புக் கேட்டு அக்காவும் துணைப்பெண்ணும் அலுவலகம் போனார்கள். அதிகாரி கேட்டதைத் துணைப்பெண் அக்காவின் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்.

"கையில என்னம்மா பண்றே?"

"நீங்க கேட்டதை எழுதிக் காட்டறேன் சார்."

"எழுத்துமூலமாவா? அப்போ நகல் எங்கே?"

"விரலால எழுதினது சார், நிக்காது."

"அலுவலக ஆவணத்தை அழிச்சுட்டு, நிக்காதுங்கறே!"

அதிகாரி நல்லவர், போலீசுக்குப் போகவில்லை. அக்காவின் உள்ளங்கையில் மையால் கோப்பு எண் எழுதி, முத்திரை குத்தி, விஷயத்தை முறைப்படுத்தினார். கோப்பில் வெளியாள் எழுதக் கூடாது என்பதால் துணைப்பெண் அன்றே விலக்கப்பட்டாள். கோப்பு தனியாக நடமாடக் கூடாது என்பதால் பியூன் நியமிக்கப்பட்டார்.

பியூன் அக்காவின் கையைப் பிடித்து மேசை மேசையாக அழைத்துப் போனார். பின்னிக்கொண்டிருந்த நாற்காலியும் 'இணைப்பு' என்ற பெயரில் கூடவே போனது. மாலையில் வீட்டில் விட்டு, காலையில் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தார். வழியில் காய்கறி வாங்கினால், "கோப்பு சந்தை வரை சென்று திரும்பியது" என்று பதிவேட்டில் குறித்தார். பத்தே நாளில் உள்ளங்கையில் எழுதப் பழகி, அதிகாரியின் மனைவி கோபித்துக்கொண்டு போன கதை வரை எழுதிவிட்டார். அலுவலக ஆள் என்பதால் யாரும் நகல் கேட்கவில்லை. அக்கா அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

இருபதாம் நாள் அதிகாரி பெருமையோடு சொன்னார். "உங்க மனு மேல நாளைக்கு முடிவு எடுத்துடுவோம். கோப்பை மூடிடலாம்."

பியூன் அதைக் கையில் எழுதினார். "மூடினா இவரு?" என்றாள் அக்கா.

"அவரு எதுக்கு? நீங்க மறுபடியும் பொதுமக்கள்தானே!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கும்பிட்டுக் கேக்கறேன் சார். முடிவே எடுக்காதீங்க. நிலுவையிலயே வைங்க!"

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முழுமையாக நிறைவேற்றக்கூடிய கோரிக்கையோடு ஒரு மனுதாரர் வந்தது, முப்பது வருட சேவையில் அதுவே முதல் முறை.

மறுநாள் காலை அலுவலக வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசை. கண் நன்றாகத் தெரிகிறவர்கள், காது நன்றாகக் கேட்கிறவர்கள். ஒருவர் கையிலும் மனு இல்லை. எல்லோரும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் அங்கே நிற்கவில்லை என்றால், தகவல் தாமதமாக வந்திருக்கும், அவ்வளவுதான்.