ஒன்வே மேடமும் நந்தி மலை இறக்கமும்

பெங்களூரில் சைக்கிளில் மலை ஏறுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஏறிய மலையிலிருந்து சைக்கிளில் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் எங்கள் ஒன்வே மேடம்தான்.

பீன்யாவில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டார். நான் பில்லிங். ஐம்பதை நெருங்கும் வயது. அல்சூரில் பிறந்து வளர்ந்ததால் பாதித் தமிழ், கால் கன்னடம், மீதி அதட்டல். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை.

அவருடைய ரேஸ் சைக்கிள் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்தது. ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கக்கூடிய பிரேம். "இன்னா எலும்பு பாருப்பா இதுக்கு!" என்று அதைத் தட்டிக் கொடுப்பார்.

போனஸ் வந்தால் மற்றவர்கள் கம்மல் வாங்குவார்கள். மேடம் கியர் வாங்குவார். எவ்வளவு செங்குத்தான மேட்டையும் மெல்ல மிதித்தே ஏறிவிட வசதியாக, பின் சக்கரத்தில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பல்சக்கரம் வந்தது. பிறகு எடை குறைந்த சக்கரங்கள், புதுச் செயின், புதுப் பெடல், புது சீட். இப்படி எல்லாம் மாறிய பிறகும் பிரேக் மட்டும் மாறவில்லை. அதன் ரப்பர் கல்லாகி, கம்பி துருவேறி, அழுத்தினால் பூனைபோல் முனகுமே தவிர வண்டி நிற்காது.

"பிரேக் எதுக்குப்பா? நான்தான் எறங்கவே மாட்டேனே!"

ஃப்ளைஓவரில்கூட அப்படித்தான். உச்சிவரை மிதிப்பார். உச்சியில் இறங்கி, மறுபக்கச் சரிவு முழுக்கத் தள்ளிக்கொண்டே நடப்பார். பின்னால் பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் ஹாரனில் அழும். மேடம் திரும்பிப் பார்த்து, "சும்னே இருங்கப்பா, மேகம் பாக்கறேன்ல!" என்பார்.

ஞாயிறுகளில் நந்தி மலை. விடியும்போது அடிவாரத்தில் தொடங்கி உச்சிவரை மிதித்து ஏறுவார். மேலே கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் டெம்போ காலியாகத் திரும்பும்போது சைக்கிளை அதில் போட்டுக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் மகாராணிபோல் இறங்கிவருவார். காரணம் கேட்டால் தத்துவம் வரும். "ஏறும்போது மலையைச் சம்பாதிக்கிறோம். எறங்கினா ஒரே நிமிஷத்துல செலவாயிடும்ப்பா."

நானும் மயங்கி, நல்ல டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஒரு மழைக்கால ஞாயிறில் அவருடன் போனேன்.

அந்த ஏற்றத்தை என்னவென்று சொல்வது? யூகலிப்டஸ் வாசனை. ஈரச் சாலை. டிக் டிக் என்று செயின் மட்டும் பேசுகிறது. ஒரு வளைவில் மேகம் எங்களுக்கு மேலே இருந்தது. அடுத்த வளைவில் பக்கத்தில் வந்து கூடவே நடந்தது. அதற்கடுத்ததில் காலடியில் படுத்துக்கொண்டது. முன்னால் போன மேடம் மிதிக்கிறாரா, மிதக்கிறாரா என்று சந்தேகமாக இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியதால், இரண்டும்தான் என்று முடிவுசெய்தேன்.

உச்சியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டெம்போ டிரைவர் வந்தார். "மர பித்திதே மேடம். காடி ஹோகல்ல."

பாதி மலையில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. ஓரமாக சைக்கிளோ ஆளோ நுழையலாம். டெம்போ போகாது. வெட்டி எடுக்கச் சாயங்காலம் ஆகுமாம்.

மேடம் முகம் வெளுத்தது. அன்று மதியம் அல்சூரில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பெரியம்மா என்ற முறையில் முதல் வளையலை இவர்தான் போடவேண்டும்.

"நடந்தா நேரத்துக்குப் போக முடியாது மேடம்" என்றேன்.

தன் சைக்கிளைப் பார்த்தார். சாலை சரிந்து மேகத்துக்குள் மறையும் இடத்தைப் பார்த்தார். பிறகு, ஸ்டோர்ஸில் நான் கேட்டேயிராத சின்னக் குரலில் சொன்னார்.

"உள்ளதைச் சொல்லட்டா? சம்பாதிக்கிறது, செலவாகுறது, அதெல்லாம் சும்மா. பயம்ப்பா எனக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சைக்கிளின் சீட்டைக் கீழிறக்கி அவரிடம் நீட்டினேன். "இதுல போங்க. ரெண்டு விரலால லேசாப் பிடிச்சாலே நிக்கும்."

"அப்ப நீ?"

"உங்க சைக்கிள்ல வரேன்."

என்னையும் தன் பிரேக்கையும் மாறிமாறிப் பார்த்தார். "தள்ளிக்கினு வா. சத்தியமா ஓட்டாத."

முதல் வளைவுவரை முழத்துக்கு முழம் பிரேக் பிடித்தார். ஒரு கால் சாலையைத் தேய்த்துக்கொண்டே போனது. இரண்டாவது வளைவில் அந்தக் கால் மெல்ல மேலே ஏறிப் பெடலில் உட்கார்ந்தது. மூன்றாவதில் வெள்ளை மேகம் அவரை விழுங்கிவிட்டது.

சற்று நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம். விழுந்துவிட்டாரோ என்று பதறி நின்றேன். இல்லை, சிரிப்பு! பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல், சின்ன மணிபோல் ஒரு சிரிப்பு. வளைவுக்கு வளைவு ஒருமுறை இடப்பக்கமிருந்தும் ஒருமுறை வலப்பக்கமிருந்தும் கேட்டது. கடைசியில் எங்கிருந்தென்றே தெரியாமல் மேகம் முழுவதும் பரவியது. நான் அந்தப் பழைய நீல சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மலை நடுவில் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அடிவாரம் வந்தபோது அவர் இல்லை. செல்போனில் ஒரு செய்தி மட்டும் இருந்தது: "மரத்தைத் தாண்டி எறங்கிட்டேன். நேரா அல்சூர். உன் சைக்கிள் பத்திரம்." மதியம் ஒரு படம் வந்தது. சேறு தெறித்த பேண்ட்டோடு மேடம், தங்கை மகளின் கையில் பச்சை வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் ஹெப்பாள் பக்கம் ஒரு ஃப்ளைஓவர் சரிவில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஊர் முழுவதன் ஹாரனையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே புது பிரேக் வந்தது. அதற்குப் பிறகு மேடத்தை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. இறங்கியதும், "இன்னொரு வாட்டி ஏறலாம்ப்பா, அப்பதான் இன்னொரு வாட்டி எறங்கலாம்" என்பார்.

இப்போது மகனோடு மைசூரில் இருக்கிறார். சாமுண்டி மலைக்குப் பக்கத்திலேயே பார்த்து வீடு பிடித்தாராம்.

நான் அதன்பின் எத்தனையோ பேருடன் மலை ஏறிவிட்டேன். எல்லோரும் வேகக்காரர்கள். பின்னால் வருகிறவருக்காக வளைவில் நின்று காத்திருக்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. ஆனால் மேடம் வருவதாக இருந்தால், எந்த வளைவிலும் எவ்வளவு நேரமும் நிற்பேன்.