சுர்மாப் பூ போட்ட பிஸ்கோத்து

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டுச் சொல்லுத கதை இல்லை இது. என் வீட்டுக்காரி மஹ்மூதா பீவி அடுக்களையில இருக்கா. அவளுக்குக் கண்ணு ரெண்டுதான். காது வீடு பூரா.

இந்த வருசம் நோன்புப் பிறை பார்த்த அன்னைக்கு நான் மனசுக்குள்ள ஒரு சபதம் எடுத்தேன். மத்தவங்க புறம் பேச மாட்டேன், கோவப்பட மாட்டேன்னு எடுப்பாங்க. நான் எடுத்தது வேற. இந்தப் பெருநாளைக்கு ஒரு முழு பிஸ்கோத்து தின்னே தீருவேன்.

சிரிக்காதீங்க. என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது.

மேலப்பாளையத்துல எங்க தெருவுல நோன்பு கடைசிப் பத்து வந்துட்டா வீட்டுக்கு வீடு நெய்யும் ஏலக்காயும் மணக்கும். நெய் பிஸ்கோத்துக்கு மாவு பிசைவாங்க. உருட்டித் தகரத் தட்டுல அடுக்குவாங்க. ஆனா சுடுறதுக்கு வீட்டு அடுப்பு சரிப்படாது. தெருமுக்கு ரொட்டிக்கடைக்காரர் தன் வேலை முடிஞ்சதும் அடுப்பைத் தெருப் பொம்பளைகளுக்கு விட்டுருவாரு. தட்டைத் தலையில தூக்கிட்டுப் போறது புருசன்மார் வேலை. தொண்டை வறண்டு, நாக்கு ஒட்டி, தலைக்கு மேல நெய் மணத்தைச் சுமந்துக்கிட்டு வரிசையா போவோம். பசியைத் தாங்கலாம். தலையில உக்காந்திருக்க பசியை எப்பிடித் தாங்க?

ஒரே அடுப்புல ஊர்ப்பட்ட தட்டு. ஒருத்தி வீட்டுது இன்னொருத்தி வீட்டுக்குப் போச்சுன்னா தலைமுறைப் பகை. அதனால வீட்டுக்கு வீடு ஒரு அடையாளம். ஒருத்தி சாவியை வச்சு அழுத்துவா. ஒருத்தி சீப்பை வச்சு. என் வீட்டுக்காரி, அவ கண்ணுக்கு மை மாதிரிப் போடுத சுர்மாக் குப்பியோட பித்தளை மூடியை வச்சு அழுத்துவா. அஞ்சு இதழ்ப் பூ ஒண்ணு விழும். அந்தப் பூவைப் பார்த்தாலே இது மஹ்மூதா கைன்னு தெருவே சொல்லும்.

சுட்டு வந்ததும் பங்கு வைப்பா. நாத்தனார் வீட்டுக்கு, ஆலிம்சா வீட்டுக்கு, அடுத்த வீட்டு சுடலைவடிவுக்கு. தீபாவளிக்கு வடிவு வீட்டு முறுக்கு சுவத்துக்கு மேல வரும், பெருநாளைக்கு எங்க பிஸ்கோத்து அதே சுவத்துக்கு மேல போகும்.

எனக்கு? தட்டுல ஒட்டி, உடைஞ்சு, தீஞ்சது.

"முழுசு கொடுக்கதுக்கு. உடைஞ்சது வீட்டுக்கு." இது அவ சட்டம். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அந்தப் பூவை முழுசா நான் வாயில வச்சது கிடையாது. ஒரு இதழ் கிடைக்கும். ரெண்டு இதழ் கிடைக்கும். ஒருக்க மூணு இதழ் கிடைச்சுது. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

இந்த வருசம் நிலைமை இன்னும் மோசம். எங்க மக ஹனீனைப் போன மாசந்தான் ஏர்வாடியில கட்டிக் கொடுத்திருக்கோம். கல்யாணம் முடிஞ்ச முதல் பெருநாள். பொறந்த வீட்டுச் சீரு போகணும். அண்டா மாதிரி ஒரு தகர டப்பா வாங்கி, அது நிறைய பிஸ்கோத்து சுட்டு அடுக்கிட்டா. சம்மந்தியம்மா ரைஹானத் லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில பிரியாணியை மோந்து பார்த்தே எந்தக் கடை அரிசின்னு சொன்ன பொம்பளை.

"என்னங்க, இதுல ஒண்ணு குறைஞ்சாலும் பேச்சு நமக்கில்லை, பிள்ளைக்கு. 'இவ்வளவுதான் இவ பொறந்த வீடு'ன்னு சொல்லிக் காட்டுவாங்க."

"யாரு குறைக்கப் போறா?"

"அதான் நானும் பாக்கேன்"னு சொல்லி என்னையே பார்த்தா.

நான் பத்தமடைப் பாய் வியாபாரி. வீட்டுல சுருட்டி வச்சிருக்க பாயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கடைக்குப் போறது தினப்படி வேலை. சுருட்டுன பாய்க்குள்ள என்ன இருக்குன்னு எவன் பார்ப்பான்? அவ தொழுகைக்கு நின்ன நேரம் பார்த்து வேலையை முடிச்சேன். பெரிய டப்பாவுல இருந்து பாதியைச் சின்ன டப்பாவுக்கு மாத்தினேன். அடியில, முன்னாடியே வாங்கி ஒளிச்சு வச்சிருந்த கடை பிஸ்கோத்தைப் போட்டு ரொப்பினேன். மேல பூ போட்டதை அடுக்கினேன். அடி வரைக்கும் யாரு பார்க்கப் போறா? நாங்கள்லாம் மேலாப்புல எடுத்துத் தின்னுதவங்க.

நோன்போட திருடலாமான்னு கேப்பீங்க. வாயில வச்சாத்தான் நோன்பு முறியும். பாயில வச்சா முறியாது.

வாசல்ல மறிச்சா.

"என்ன, பாயைப் பிள்ளைத்தாச்சி கணக்கா பைய தூக்கிட்டுப் போறீங்க?"

"நயம் பாயிட்டி. கோரை ரொம்ப மெல்லிசு."

"ஏலக்கா மணக்குது."

"அதான் சொன்னேன்லா, நயம் பாயின்னு."

கடையில வைக்க முடியாது. எலிக்கு பிஸ்கோத்து மணம் தெரிஞ்சா பாயையும் சேர்த்துத் தின்னுரும். யோசிச்சேன். சுடலைவடிவு நல்ல மனுசி. பின்வாசல் வழியா போயி டப்பாவை அவ கையில கொடுத்தேன். நோன்பு திறந்துட்டு வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி இருமுத சத்தம்! வாயில விரலை வச்சுக் காட்டிட்டு ஓடியே வந்துட்டேன்.

சாயங்காலம் பாங்கு சொல்லியாச்சு. பேரீச்சம்பழம் தின்னு, கஞ்சிக் கோப்பையை எடுத்தேன். என் மனசெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம்.

"ஹனீன் போன்ல பேசினா"ன்னா மஹ்மூதா.

"என்ன சொல்லுதா?"

"அவ மாமியா சீரு டப்பாவை எப்பிடித் திறப்பாங்க தெரியுமா? பாயை விரிச்சு, தெருப் பொம்பளைகளைச் சுத்தி உக்கார வச்சு, அப்பிடியே தலைகீழா கவுத்துருவாங்களாம். பொறந்த வீட்டுச் சீரை மேலாப்புல பாக்கக் கூடாதாம். அடி வரைக்கும் பாக்கணுமாம்."

கஞ்சி மூக்கு வழியா வந்துச்சு.

"என்னங்க ஆச்சு?"

"இஞ்சி கடிச்சுட்டேன்."

"நான் இஞ்சியே போடலையே."

கோப்பையை வச்சிட்டு ஓடினேன். போனது பிஸ்கோத்து தின்ன இல்லை. இப்போ வயித்துல ஆசை இல்லை, பயந்தான். அவ்வளவையும் திருப்பி வாங்கி, பெரிய டப்பாவுல பழையபடி அடுக்கணும். இல்லாட்டா ஏர்வாடித் தெரு பூரா எம்மவளைப் பார்த்துச் சிரிக்கும்.

"வடிவு, அந்த டப்பா..."

"ஏ அண்ணாச்சி, நல்லா இருப்பிய! வருசா வருசம் மதினிதான் பெருநாளுக் காலையில தருவாக. இந்த வருசம் நீங்களே உங்க கையால முன்னாடியே கொண்டாந்து குடுத்திட்டியளே! அதுவும் வாயில விரலை வச்சு. குடுக்குத தர்மத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்க மார்க்கத்துல உண்டுல்லா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்திட்டு."

எனக்கும் வந்துச்சு.

"மிச்சம் ஏதும்...?"

"மிச்சமா? பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துச்சு. டப்பாவைக் கழுவவே வேண்டியதில்லை, நக்கியே வெளக்கிட்டு. இருங்க அண்ணாச்சி, டப்பாவைக் கொண்டுட்டுப் போங்க. வெறும் டப்பாவா குடுத்தா நல்லாவா இருக்கும்? பாவக்கா வத்தல் போட்டிருக்கேன். நல்ல கசப்பு!"

பாய்க்குள்ள தேன்கூட்டைச் சுருட்டிக்கிட்டுப் போனவன் பாவக்கா வத்தலோட வந்தேன்.

மறுநாள் கடையில யாவாரம் ஓடலை. ஒரே யோசனை. கடை பிஸ்கோத்துலயும் பூ விழுந்துட்டா? சாயங்காலம் வந்ததும் சுர்மாக் குப்பியை எடுத்து, சட்டைப் பையில மிஞ்சியிருந்த கடை பிஸ்கோத்துல மூடியை வச்சு அழுத்தினேன். வெந்த மாவுல பூ விழுமா? பொடிதான் விழுந்துச்சு. சரி, அடியில இருக்கதையாவது தூக்கிருவோம், பாதி டப்பாவா போனாலும் பரவாயில்லைன்னு பெரிய டப்பாகிட்ட போனா, அதை வெள்ளைத் துணியில சுத்தி, சுத்தித் தையலே போட்டு வச்சிருக்கா.

"இது எதுக்கு?"

"வழியில திறந்துரக் கூடாதுல்லா. ஆமா, என் சுர்மா மூடியில என்ன மாவு?"

"கண்ணு உறுத்துச்சு. சுர்மா போட்டேன்."

"சுர்மா போடுதவங்க குச்சியைத்தான் கண்ணுல வைப்பாங்க. மூடியையா வச்சு அழுத்துவாங்க?"

சொல்லிரலாம்னுதான் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. அவ கையில ஊசி இருந்துச்சு. விட்டுட்டேன்.

பெருநாளும் வந்துச்சு. தொழுகை முடிஞ்சு, புதுச் சட்டை போட்டு, ஏர்வாடி பஸ்ஸுல ஏறினோம். டப்பா என் மடியில. கல்லறைக் கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. இறங்குத இடம் வந்ததும் பைய அதைச் சீட்டுக்கு அடியில தள்ளிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி இறங்கிட்டேன். தொலைஞ்சுபோன சீருக்கு யாரும் குறை சொல்ல மாட்டாங்கல்லா? பஸ் கிளம்புச்சு. அல்ஹம்துலில்லாஹ்னேன். விசில் சத்தம். பஸ் நின்னுச்சு. பின்னால வந்துச்சு!

"ஏ அண்ணாச்சி! சாமானை விட்டுட்டுப் போறியளே!" கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டே டப்பாவை நீட்டுதாரு.

"நல்ல மனுசங்க இன்னும் இருக்கத்தான் செய்யுதாங்க"ன்னு சொல்லி மஹ்மூதா வாங்கிக்கிட்டா. என்கிட்ட தரலை.

சம்மந்தி வீட்டுல பாய் விரிச்சுக் கிடந்துச்சு. நான் கொடுத்த பாய்தான். தெருப் பொம்பளைக சுத்தி உக்காந்திருந்தாங்க. ஹனீன் ஓரமா நின்னா. புதுப் புடவை நுனியை விரல்ல சுத்துதா, அவுக்குதா. சின்னதுல பரீட்சைப் பேப்பர் வாங்கப் போகும்போது அப்பிடித்தான் நிப்பா. ஒரு பிஸ்கோத்துக்கு ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளையைச் சபையில நிறுத்திட்டமேன்னு இருந்துச்சு.

ரைஹானத் தையலைப் பிரிச்சா. மூடியைத் திறந்தா. தூக்கினா. நான் கண்ணை மூடித் தெரிஞ்ச துஆ எல்லாம் ஓதினேன்.

படபடபடன்னு கொட்டுத சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

"மாஷா அல்லா!"

கண்ணைத் திறந்தா, பாய் பூரா பூ. மேல பூ, அடியில பூ, உருண்டு ஓடினது கூடப் பூ. கடை பிஸ்கோத்து ஒண்ணு இல்லை.

"என்ன கை சம்மந்தி உங்களுக்கு! ஒண்ணு கூட உடையலையே!" ரைஹானத் சொல்ல, ஹனீன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆச்சு. நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவ தலைத் துணியைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா.

உசுரு வந்ததும் கூடவே சபதமும் வந்துச்சு. அத்தனை முழு பிஸ்கோத்து கண்ணு முன்னால! கையை நீட்டினேன்.

"அவங்களுக்கு வேண்டாம்"னா மஹ்மூதா.

"ஏன் சம்மந்தி?"

"வெளிய சொல்லக் கூடாதும்பாங்க. மக சீரு நல்லபடியா போய்ச் சேரணும்னு வீட்டுல ஒரு பிஸ்கோத்தைக்கூட முழுசா வாயில வைக்கலை. இப்போ இனிப்பையே விட்டுட்டாங்க."

பொம்பளைக எல்லாம் "ச்சு ச்சு"ன்னாங்க. ஒருத்தி கண்ணைத் துடைச்சா.

"இப்பிடியும் ஒரு வாப்பாவா!" ரைஹானத் குரல் தழுதழுத்துப் போச்சு. "ஏட்டி ஹனீனு, அவங்க முன்னால இருக்க வட்டிலாப்பத்தை எடு. அந்த மனசைச் சோதிக்கக் கூடாது."

வட்டிலாப்பம் போச்சு. பாயாசம் போச்சு. எம்மவ குனிஞ்சு காதுல கேட்டா, "வாப்பா, நெசமாவா?"

"நெசந்தாம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல?

திரும்பும்போது டப்பாவை வெறுமையா தருவாங்களா? நெய் ஒழுகுத ரவா உருண்டையா ரொப்பித் தந்தாங்க. இந்தத் தடவை பஸ்ஸுல அதை நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்குள்ள காலை வைக்கலை, அதுக்குள்ள அவ வாங்கி நேரா சுவத்துகிட்ட போனா.

"வடிவு! இந்தா, பிள்ளைகளுக்குக் கொடு. உன் வத்தலு வந்த டப்பாவுக்கு நான் பதில் செய்ய வேண்டாமா?"

போச்சு. அதுவும் சுவத்துக்கு மேல போச்சு.

"உனக்கு எப்பத் தெரியும்?"னு கேட்டேன்.

"அன்னைக்கு அசர் தொழுகை நேரத்துக்கே. 'அண்ணாச்சிக்குத் தங்க மனசு மதினி'ன்னு வடிவு சுவத்துல எட்டிச் சொன்னா. அப்புறந்தான் உங்களுக்குக் கஞ்சியே ஊத்தினேன். மறுநாளு நீங்க கடைக்குப் போனதும் இன்னொரு ஈடு சுட்டேன். தட்டை நானே தலையில தூக்கிட்டுப் போனேன். நல்லாத்தான் மணக்குது, பாவம் நீங்க."

சொல்லிட்டு ஒரு தட்டைக் கொண்டாந்து என் முன்னால வச்சா. நான் வாங்கின கடை பிஸ்கோத்து எல்லாம் அதுல. பக்கத்துல பொரிச்ச பாவக்கா வத்தல். நடுவுல ஒண்ணே ஒண்ணு, பூ போட்டது. முழுசு. அஞ்சு இதழும் இருந்துச்சு.

கையை நீட்டினேன்.

"இருங்க"ன்னா. அதை எடுத்தா. என்னைப் பார்த்துக்கிட்டே டக்குன்னு ரெண்டா உடைச்சா. மூணு இதழை அவ வாயில போட்டுக்கிட்டு, ரெண்டு இதழை என் கையில வச்சா.