இருபத்துமூன்றாம் கேள்வி

தன் பண்பாட்டுக்குத் தானே தேர்வு வைத்து, தானே எழுதி, தானே தோற்கும் பெருமை உலகிலேயே டச்சுக்காரர்களாகிய எங்களுக்குத்தான் உண்டு. எங்களிலும் அந்தப் பெருமையை இரண்டு முறை அடைந்தவன் அடியேன்.

பெயர் வீபே. வயது இருபத்தேழு. பிறந்தது, வளர்ந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது எல்லாம் டெவென்டர் நகரில். எங்கள் நகராட்சி "புதுவரவாளர் பண்பாட்டு வழிகாட்டி" என்றொரு பதவியை உண்டாக்கியது. பெயரை முடிவு செய்ய மட்டும் ஒன்பது கூட்டங்கள். கடைசி ஆள் தலையாட்டும்வரை இங்கே எந்தக் கூட்டமும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எழுதும் டச்சுப் பண்பாட்டுத் தேர்வில் வழிகாட்டியும் தேற வேண்டும் என்று விதி செய்தார்கள். நாற்பது கேள்வி, இருபத்தாறு சரியென்றால் தேர்ச்சி. முதல் முறை பத்தொன்பது வாங்கினேன். இரண்டாம் முறை நன்றாக யோசித்து எழுதினேன்; பதினேழு. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் ஆயுள் முழுக்க சைக்கிள் நிறுத்துமிடப் புகார்ப் பிரிவு.

ஆகவே மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆல்டா மேடம் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

"வீபே, காபியோட எத்தனை பிஸ்கட்?"

"ஒண்ணு, மேடம்."

"அப்புறம்?"

"டப்பாவை மூடிடணும்."

"விருந்தாளி இன்னொண்ணு வேணுங்கற மாதிரி டப்பாவையே பார்த்தா?"

"நாமளும் சேர்ந்து டப்பாவைப் பார்க்கணும்."

வகுப்பே கைதட்டியது. பக்கத்தில் இருந்த ஃபில்மோன் மட்டும் கை தூக்கினான். எரித்ரியாக்காரன், பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுகிறான். தேறினால்தான் அவனுக்கு நிரந்தரமாகத் தங்கும் சீட்டு. மாதிரித் தேர்வுகளில் முப்பத்தெட்டுக்குக் குறைந்ததே இல்லை.

"டப்பா திறந்தே இருந்தா என்ன மேடம் ஆயிடும்?"

ஆல்டா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவரைக்கும் யாரும் திறந்து வெச்சுப் பார்த்ததில்லைப்பா."

தேர்வு நாள் செவ்வாய்க்கிழமை. என் குறிப்பேட்டில் காலை எட்டு பத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "கீழ்வீட்டு டெர்ப்ஸ்ட்ரா அம்மாவின் சன்னல் திரை மூடியிருக்கிறது. காரணம் தெரியவில்லை. கவலை: மிதமானது." எங்கள் தெருவில் தூங்கும் நேரம் தவிர யாரும் திரையை மூடுவதில்லை. சாப்பிடுவதும் சண்டை போடுவதும் தெருவுக்குத் தெரிய நடக்கும். அந்த அம்மாவுக்கு வயது எழுபத்தாறு, தனி ஆள்.

மணியடிக்கலாமா என்று யோசித்தேன். முன்கூட்டி நேரம் குறிக்காமலா? பெற்ற தாயே எனக்கு மே மாதம் இரண்டாம் ஞாயிறு, மூன்று மணிமுதல் நாலேகால்வரைதான் ஒதுக்கியிருக்கிறாள். ஆகவே பண்பாட்டோடு ஒரு சீட்டு எழுதினேன். "மதிப்புக்குரிய அம்மா, தங்கள் நலம் விசாரிக்க விரும்புகிறேன். கீழ்க்கண்ட மூன்று தேதிகளில் தங்களுக்கு வசதியானதைத் தெரிவிக்கவும்." கதவிலிருக்கும் தபால் துளைவழியே போட்டுவிட்டு, நாங்கள் ஸ்பெயினோடு நடத்திய எண்பதாண்டுப் போரின் ஆண்டுகளைத் தேர்வுக்காக உரக்க மனப்பாடம் செய்தபடி மாடி ஏறினேன்.

ஐந்து மணிக்கு ஃபில்மோன் வர, இருவரும் சேர்ந்து சைக்கிளில் போவதாக ஏற்பாடு. தேர்வு ஆறுக்கு. நாலு மணிக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டயர் பஞ்சரானால்? எதிர்க்காற்று அடித்தால்? தனியாகவே கிளம்பினேன். ஃபில்மோனுக்குச் சொல்ல வேண்டும் என்று மறக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

தேர்வில் இருபத்துமூன்றாம் கேள்வி: "தனியாக வசிக்கும் உங்கள் அண்டைவீட்டு மூதாட்டியின் சன்னல் திரை காலையிலிருந்து மூடியிருக்கிறது. என்ன செய்வீர்கள்? அ) தலையிடமாட்டேன். ஆ) தேதி கேட்டுச் சீட்டு எழுதுவேன். இ) உடனே மணியடிப்பேன்."

கண நேரமும் தயங்காமல் "இ"-யைத் தேர்ந்தேன். வாழ்நாளில் நான் சந்தேகப்படாத விடை அது ஒன்றுதான்.

கணினி அப்போதே மதிப்பெண் சொன்னது: முப்பத்தொன்று! ஆல்டா மேடம் கை குலுக்கினார். ஃபில்மோனின் நாற்காலி காலியாகவே இருந்தது.

"நல்ல பையன்தான் மேடம்," என்றேன் வருத்தத்தோடு. "ஆனா நேரத்துக்கு வர்றதுங்கறது நம்ம ரத்தத்துலயே ஊறினதில்லையா? படிச்சு வருமா?"

மறுநாள் மருத்துவமனையில் டெர்ப்ஸ்ட்ரா அம்மாவைப் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிவு.

"முந்தின ராத்திரியே விழுந்துட்டேன். நடையிலதான் கிடந்தேன். உன் சீட்டு என் மூக்குமேலயே வந்து விழுந்துச்சு," என்றார். "கூப்பிட்டேனே! நீ ஆயிரத்தைந்நூத்தறுபத்தெட்டுன்னு கத்திக்கிட்டே மாடிக்குப் போயிட்டே."

"ஆயிரத்தறுநூத்து நாப்பத்தெட்டு வரைக்கும், அம்மா," என்றேன்.

"சாயங்காலம் உன்னைத் தேடி வந்தானே, அந்தப் பையன் முதல்ல உன் மணியை அடிச்சான். நீ இல்ல. திரையைப் பார்த்தானோ என்னவோ, என் மணியையும் அடிச்சான். துளைவழியா 'யாராவது இருக்கீங்களா'ன்னான். ஆம்புலன்ஸ் வந்து, கதவை உடைச்சு, என்னைத் தூக்கற வரைக்கும் வாசல்லயே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் தூங்கிடக் கூடாதுன்னு, 'ஏதாவது கேள்வி கேளுங்கம்மா, இன்னிக்கு எனக்குப் பரீட்சை'ன்னான். கேட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் தப்பு."

"எது?"

"காபிக்கு எத்தனை பிஸ்கட்னு கேட்டேன். வந்தவங்க போதும்ங்கற வரைக்கும்னான். விவரம் கெட்ட பையன்." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "சரி, உன் தேதிக்கு வருவோம். மூணாவது தேதி எனக்குச் சௌகரியம்ப்பா. அதுக்குள்ள வீட்டுக்கு விட்டுடுவாங்களாம்."

பதவியில் அமர்ந்த என்முன் வந்த முதல் கோப்பு ஃபில்மோனுடையது. எதிரில் அவனே உட்கார்ந்திருந்தான்.

"அடேய், மேசைக்கு அந்தப் பக்கம் போயிட்டியா! கலக்கறே போ."

"தேர்வுக்கு வராட்டி தோல்விதான்டா. மறுபடி எழுத ஒரு வருஷம் ஆகும். காரணம் எழுதி நான் கையெழுத்துப் போடணும்."

"போடு, பரவாயில்லை." மேசையிலிருந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினான். "அடுத்த வாட்டி ஜாக்கிரதையா எழுதிடறேன். ஆமா, கஷ்டமா ஏதாவது கேட்டாங்களா?"

இருபத்துமூன்றாம் கேள்வியைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான்.

"இதுல ஏதோ சூது இருக்குடா. அதுக்குச் சரியான விடை என்ன?"

"இ," என்றேன். அவன் உள்ளங்கையில் குறித்துக்கொண்டான். நான் காரணக் கட்டத்தில் "பண்பாட்டு அறிவு நிரூபிக்கப்படவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பிறந்தநாள் நாட்காட்டியையும், வாங்கிய சான்றிதழ்களையும் கழிப்பறைச் சுவரில் மாட்டுவது எங்கள் வழக்கம். ஏன் அங்கே போய் மாட்டுகிறோம் என்று ஃபில்மோன் ஒருமுறை வகுப்பில் கேட்டபோது, ஆல்டா மேடத்துக்கே விடை தெரியவில்லை. என் சான்றிதழையும் அங்கேதான் மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். இடப்பொருத்தத்தில் எங்கள் முன்னோர்கள் தவறு செய்வதே இல்லை.