துண்டு இலவசம்

காலண்டரை மாடு தின்றுவிட்டது என்பதை முதலாளிக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் அருள்ஜோசப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாடு என்றால் சமாளித்துவிடலாம். ஓசூரை அடுத்த மத்திகிரி மைதானத்துக் கண்காட்சிக்கு வந்த மாடுகளில் பாதிக்கு மேல் தின்றிருந்தன. இனாமாகக் கிடைத்த காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விவசாயிகள் முன்னால் நடந்தார்கள். கயிற்றில் பின்னால் வந்த மாடுகள் எட்டிக் கவ்வி, ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே வாயில் முடித்துவிட்டன.

'காலண்டருக்கு மக்களிடம் நல்ல பசி இருந்தது' என்று எழுதினான். பிறகு 'பசி'யை அடித்துவிட்டு 'வரவேற்பு' என்று மாற்றினான்.

அருள்ஜோசப்புக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. பெங்களூரில் தீவனம் வெட்டும் மெஷின் செய்கிற கம்பெனியில் விற்பனைக் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு மெஷின்கூட விற்கவில்லை. கண்காட்சிக்கு அனுப்பும்போது முதலாளி நாராயணப்பன் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

"மூணு நாள். ஒரு மெஷினாவது வித்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா மூணாம் நாள் நானே ஜீப்புல வந்து கூட்டிட்டுப் போய் உன்னை ரயில் ஏத்திடறேன். வர்ற ஜனத்துக்கு ஏதாச்சும் இனாம் குடு. என்ன குடுக்கறதுன்னு நீயே யோசி."

வேலை நிரந்தரமானால்தான் ஊரிலிருந்து மனைவி தேவமணியை அழைத்துவர முடியும். அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பெண் குழந்தை. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்று தேவமணி எழுதியிருந்தாள். அதை அவன் இன்னும் பார்க்கவில்லை. அதாவது, அந்த மூக்கை.

யோசித்துத்தான் முதல் நாள் சீப்பு கொடுத்தான். வாங்கியவர்கள் அதைத் தங்கள் தலையில் வைக்கவில்லை, மாட்டின் வாலில் வைத்தார்கள். வால்மயிரில் சிக்கிப் பல் எல்லாம் உதிர்ந்தது. "ஒரு வாலைத் தாங்காத சீப்பு குடுக்கறவன், சோளத்தட்டைத் தாங்கற மெஷினா குடுப்பான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் காலண்டர். அதன் கதி மேலே சொன்னது.

பக்கத்துக் கடை எலும்பு உரம் விற்கும் திம்மராயனுடையது. அவர் யாருக்கும் எதுவும் இனாமாகத் தருவதில்லை. நாற்றத்துக்குப் பயந்து யாரும் பத்தடிக்குள் வருவதுமில்லை. உர மூட்டைகள் மேல் மல்லாந்து படுத்து, மூன்று நாள் கண்காட்சியை நிம்மதியாக அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க ஜோசப்பு, நாளைக்கு மாட்டுக்கு இன்னா பலகாரம்?"

"சும்ம இருங்க அண்ணாச்சி. நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

"படிச்ச ஆளு நீங்க. மாட்டுக்காரனுக்கு இன்னா வோணும்னு தெரிலயே. தலை சீவிக்கினு தேதி பாக்கவா வர்றான்? துண்டு குடுங்க. துண்டு இல்லாம இந்த ஊர்ல ஒருத்தன் ஒரு மாடு வாங்கிட முடியுமா, வித்துட முடியுமா?"

அருள்ஜோசப்புக்கு நியாயமாகப் பட்டது. வெயிலடிக்கிறது; வியர்வை துடைக்க வேண்டும். சாணியில் கை வைத்தால் அதையும் துடைக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் ஓசூர்க் கடைவீதிக்குப் போய் இரண்டு கட்டுத் துண்டு வாங்கிவந்து, ஒவ்வொன்றின் மூலையிலும் கம்பெனி முத்திரையைக் குத்தினான். 'துண்டு இலவசம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டான்.

கூட்டம் நெரிந்தது. வந்தவர்கள் மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், கத்தியைத் தொட்டுப் பார்த்தார்கள், துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவர்களில் ஒருவர் பெரிய மீசைக்காரர். அருள்ஜோசப் இரண்டு கையாலும் ஏந்தி நீட்டிய துண்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடியில் தன் வலது கையை நுழைத்து, அவன் விரல்களைப் பிடித்தார். முதலில் நாலு விரல், பிறகு இரண்டு. முகத்தில் ஒரு சலனமில்லை. பார்வை எங்கோ தூரத்து மலை மேல் இருந்தது.

இது இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று அருள்ஜோசப் நெகிழ்ந்துபோனான். ஆறு மாதத்தில் அவன் கையை யாரும் இவ்வளவு பரிவாகப் பிடித்ததில்லை. பதிலுக்கு அவர் கை முழுவதையும் இறுகப் பற்றி நாலு குலுக்குக் குலுக்கினான்.

மீசைக்காரர் முகம் மலர்ந்தது. "ஆயித்து", அதாவது முடிந்தது, என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அரைமணி கழித்துக் கூட்டம் கொஞ்சம் விலகியபோது, கடையின் முன்கம்பத்தில் இரண்டு காளைகள் கட்டியிருந்தன. ஆலம்பாடிக் காளைகள். கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து, கொழுத்து மினுமினுத்தன.

"அண்ணாச்சி, இது யாரு மாடு?"

"உங்க மாடுதான்" என்றார் திம்மராயன், படுத்தபடியே.

"விளையாடாதீங்க."

"நான் எதுக்கு வெளையாடறேன்? மீசைக்காரரு, ராமப்பன்னு பேரு, அவருகிட்ட துண்டுக்குள்ள கை குடுத்தீங்க இல்ல? அவருதான் ஓட்டியாந்து கட்டிட்டுப் போனாரு."

"ஐயையோ, அன்பா கையைப் புடிக்காருன்னுல்லா நெனைச்சேன்!"

"அன்பா? அது வெலைங்க! வாயால சொன்னா பக்கத்துல நிக்கறவன் கெடுத்துடுவான். அதான் துண்டைப் போட்டு மூடி, வெரலைப் புடிச்சே பேசறது. ஆமா, நீங்க எத்தினி வெரலு குடுத்தீங்க?"

"மொத்தக் கையையும்லா குடுத்தேன்! குலுக்க வேற செஞ்சேன்!"

திம்மராயன் எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் அவர் எழுந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"குலுக்கினீங்களா? அப்ப அவரு கேட்டதுக்கு மேலயே போட்டு முடிச்சிருப்பீங்க."

எங்கள் ஊரில் மீன் ஏலம் என்றால் நாலு தெருவுக்குக் கேட்குமே, இப்படியா சத்தமில்லாமல் ஒரு மனுஷனை அழிப்பார்கள் என்று அருள்ஜோசப் புலம்பினான்.

"வேண்டாம்னு திருப்பிக் குடுத்துருதேன் அண்ணாச்சி."

"அந்த வேலை மட்டும் செய்யாதீங்க. துண்டுக்குள்ள முடிஞ்ச பேச்சை மாத்துனா, அத்தோட அந்தாளை எந்தச் சந்தையிலும் சேக்க மாட்டாங்க. உங்க மெஷினை இந்தப் பக்கம் நாய்கூட மோந்து பாக்காது. சாயந்தரம் அவரு பணத்துக்கு வருவாரு. குடுத்துடுங்க."

அருள்ஜோசப் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அதில் தேவமணியின் கடிதம் இருந்தது. ராமப்பன் அதை வாங்கிக்கொள்வார் என்று தோன்றவில்லை.

அதற்குள் காளைகள் பசியில் கத்த ஆரம்பித்தன. கத்தினால் கூட்டம் கூடும், கூடினால் முதலாளி காதுக்குப் போகும். ஓடிப்போய் ஒரு கட்டுச் சோளத்தட்டு வாங்கிவந்து, மெஷினில் கொடுத்து வெட்டிப் போட்டான். காளைகள் அடங்கின. கூட்டம் கூடியது. ஒருவராவது மெஷினைப் பார்க்க வேண்டுமே! எல்லோரும் காளையைப் பார்த்தார்கள்.

"இன்னா வெலை சாமி?" என்று ஒருவர் துண்டுக்கடியில் கையை நீட்டினார்.

அருள்ஜோசப் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

"கையை வெளிய எடுக்காதீங்க ஜோசப்பு!" என்று திம்மராயன் கத்தினார். "இன்னொரு ஜோடி வந்துடும்!"

கையை நீட்டாமல் துண்டு கொடுப்பது எப்படி? நாலடி தள்ளி நின்று, துண்டைச் சுருட்டி வீசினான். முதல் துண்டு ஒரு பெரியவரின் முகத்தில் போய் விழுந்தது.

"ஏம்ப்பா, நாய்க்கு எலும்பு போடறாப்புல வீசறே? எலும்பு வாங்கறதுன்னா நாங்க பக்கத்துக் கடைக்கே போயிருக்க மாட்டமா?"

"அவங்களை இந்தப் பக்கம் அனுப்புங்க" என்றார் திம்மராயன் ஆசையாக. யாரும் போகவில்லை. சண்டைக்குத்தான் நின்றார்கள்.

கையும் நீட்டக்கூடாது, வீசவும் கூடாது. அருள்ஜோசப் ஒரு வழி கண்டுபிடித்தான். மீதித் துண்டுகளைக் காளைகளின் கொம்பிலும் முதுகிலும் தொங்கவிட்டான். வேண்டியவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும்.

வேலை தீர்ந்தது என்று திரும்பிப் பார்த்தபோது அவனுக்கே பகீரென்றது. வெள்ளைத் துண்டுகள் காற்றில் படபடக்க, காளைகள் இரண்டும் பரிசு வாங்கி ஊர்வலம் கிளம்பியவை போல நின்றன. "பர்ஸ்ட் பிரைஸ் ஜோடி இங்க கீதாம்!" என்று சேதி பரவி, மைதானத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஜனம் ஓடிவந்தது.

ஜனத்தின் நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ஜீப்பும் வந்தது. பின்னால், கடைச்சாமான்களை ஏற்றிப்போகக் கம்பெனி லாரி.

நாராயணப்பன் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் பூரித்தது. "பரவாயில்லையே! மெஷின் எத்தனை போச்சு?"

"மெஷின்... வந்துங்க..."

முதலாளி அதற்குமேல் கேட்கவில்லை. காளைகளைப் பார்த்துவிட்டார். அவர் மெஷின் செய்வது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் இருப்பது மாட்டில். தூத்துக்குடிக்காரனுக்கு இது தெரியாது. மெதுவாக அருகில் போனார். திமிலைத் தடவினார். பல்லைப் பார்த்தார். குளம்பைத் தட்டினார். கோயிலில் நிற்கிற குரலில் கேட்டார்.

"யாருதுப்பா இது?"

"ராமப்பன்னு ஒரு விவசாயிங்க. என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காருங்க."

"விக்கவா?"

அருள்ஜோசப் கைகளை மறுபடி கக்கத்தில் செருகிக்கொண்டான். "வித்துரலாம்ங்க" என்றான்.

நாராயணப்பன் காளையின் கொம்பிலிருந்து தன் கம்பெனித் துண்டையே எடுத்து விரித்து, அதனடியில் கையை நுழைத்தார். அருள்ஜோசப்பின் கை தானாக வரவில்லை. அவரே கக்கத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டார். ஒரு விரலைப் பிடித்தார். அருள்ஜோசப் அசையவில்லை. அசைந்தால் என்ன வந்து சேருமோ என்று உடம்பே மரத்துப்போயிருந்தது. இரண்டு விரலைப் பிடித்தார். மூன்று. முதலாளி நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நாலு. இவன் ஓசூர் மலைக்கோயிலையே பார்த்துக்கொண்டு, மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் கை முழுவதையும் பற்றினார்.

"சரிடா, முடிஞ்சது! முப்பது வருசமா தரகனுங்களோட மல்லாடறேன், இப்படி ஒரு கல்நெஞ்சக்காரனைப் பாத்ததில்லை. முகத்துல ஒண்ணு காட்டறானா பாரு! உன்னைப் போயி ஒண்ணுக்கும் ஆவாதவன்னு நெனச்சிட்டனே. மெஷின் கெடக்குது, விடு. இன்னையிலேர்ந்து உன் வேலை நிரந்தரம்."

அருள்ஜோசப்புக்குக் கண் நிறைந்தது. கையில் காளைக்கான பணம். காதில் அந்த ஒரு சொல். மனக்கண்ணில் ஒரு சின்ன மூக்கு.

மெஷினுக்கென்று வந்த லாரியில் காளைகள் ஏறின. "மெஷின் நாளைக்கு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, முதலாளியும் ஜீப்பில் லாரிக்குப் பின்னாலேயே போனார், மணப்பெண்ணை அனுப்பிவைக்கிற தகப்பன் மாதிரி.

பொழுது சாய்ந்தது. இந்நேரம் லாரி ஜூஜுவாடியைத் தாண்டி மைசூர் மாநில எல்லைக்குள் போயிருக்கும். அருள்ஜோசப் தேவமணிக்கு, 'உடனே புறப்படு, பாப்பாவுக்குக் குளிர்ச்சட்டை எடுத்து வா, இங்கே குளிர்' என்று எழுதிக்கொண்டிருந்தான். முதலாளி கொடுத்த பணத்தில் அவன் ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. அப்படியே ராமப்பனிடம் கொடுத்துவிட வேண்டும். கூடக் கொஞ்சம் இருந்தால் அவரே வைத்துக்கொள்ளட்டும், நல்ல மனுஷர்.

ஒரு கட்டைவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வந்து கடை முன்னால் நின்றது. மாடு பூட்டாத வண்டி. நுகத்தடியைப் பிடித்து இழுத்து வந்தவர் ராமப்பன். பின்னாலிருந்து தள்ளி வந்த அவர் மனைவி நஞ்சம்மா, மூச்சு வாங்க இடுப்பில் கையூன்றி நின்றாள்.

அருள்ஜோசப் எழுந்தோடிப் பணத்தை அவர் முன்னால் நீட்டினான். "எண்ணிப் பாத்துக்கிடுங்க ஐயா."

ராமப்பன் அந்தப் பணத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நஞ்சம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த பணக்கட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். இரண்டு கட்டும் நடுவில் எதிரும் புதிருமாக நின்றன. பக்கத்துக் கடையில் திம்மராயன் மறுபடியும் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கு எதுக்கு சாமி பணம்? காலைல நீங்க கை குடுத்த மெஷினுக்கு நாங்க இல்ல குடுக்கணும்! இந்தாங்க, வாங்கிக்கினு மெஷினை வண்டில ஏத்துங்க" என்றாள் நஞ்சம்மா. பிறகு வெறும் கம்பத்தைப் பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் தேடினாள். "வண்டி இரவல் வாங்கப் போறப்ப, அதை இழுத்துக்கினு போறதுக்கு இங்க கட்டி வெச்ச எங்க மாட்டைத்தான் காணோம். தண்ணி காட்ட ஓட்டிக்கினு போயிருக்கீங்களா?"