பத்து நாற்பது புள்ளி

பென்னாகரம் போகும் பேருந்தில் நான்கு ஆண்கள் ஒரே சமயத்தில் எழுந்து விறைப்பாக நின்றார்கள். நிறுத்தம் எதுவும் வரவில்லை. நடத்துநர் என்ன ஏது என்று கேட்டபோதும் பார்வையை நேராகவே வைத்திருந்தார்கள். நால்வரின் சட்டைப் பைப் போனிலும் ராணுவ பியூகிள் ஊதிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

மறுநாள் சலூனில் பாதிச் சவரத்தில் ஒருவர் எழுந்து நின்றார். கன்னத்தில் பிளாஸ்திரியோடு நேராக அரூர் வந்து, கலைமணியின் கடையில் ஏறினார்.

கலைமணி ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவு ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது செல்போன் ரிப்பேர் கடை. எட்டு மாதம் தானே படித்து, தானே திருத்தி, 'நம்ம யூனிட்' என்று ஒரு செயலி செய்திருந்தார். மாவட்டத்து முன்னாள் படைவீரர்களும், பணியில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களும் அதில் ஒன்றாக இருந்தார்கள். போன மாதம் ஒரு குடும்பம் பெண்ணின் காலேஜ் சீட்டுக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டபோது, அரை மணி நேரத்தில் பதினொரு பேர் பதில் சொன்னார்கள். அன்று கலைமணி கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அந்தக் குடும்பங்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அதனால் அவர்கள் செய்தி அனுப்பினால் மட்டும் பியூகிள் ஊதும்படி வைத்தார். கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று பெயரையும் மறைத்து, 'ஒரு குடும்பம்' என்று மட்டும் காட்டினார். நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கும்போது ஊதுகிற பியூகிளையே தேடிப் பிடித்துப் போட்டார். இருபது வருஷம் பழகிய கால்கள் அதைக் கேட்டால் சும்மா இருக்காது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது தினமும் பத்து நாற்பதுக்கு ஒரு பியூகிள் வந்தது. திறந்து பார்த்தால் செய்தி இல்லை. வெறும் ஒரு புள்ளி.

செயலியில் ஏதோ பிழை என்று கலைமணி நான்கு நாள் குடைந்து பார்த்தார். பிழை அகப்படவில்லை. சரி, சத்தத்தையாவது மாற்றுவோம் என்று முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் சுபேதார் சவரிமுத்துவிடம் யோசனை கேட்டார். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். யோசிக்காமல், "நம்ம முழக்கத்தைப் போடுப்பா" என்றார்.

மறுநாள் பத்து நாற்பதுக்கு அரூரில் ஒரு வங்கிக்குள் மூன்று போன்கள் ஒன்றாக, "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கர்ஜித்தன. வாசலில் நின்ற காவலாளியும் அதே ரெஜிமென்ட். அவர் துப்பாக்கியைத் தூக்கிப் பதில் முழக்கம் போட்டார். வரிசையில் நின்றவர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். மாலைக்குள் பீரங்கிப் படைக்காரர்களும் விமானப் படைக்காரர்களும் தங்கள் முழக்கம் எங்கே என்று கேட்டு எழுதினார்கள்.

யாருக்கும் வருத்தம் வேண்டாம் என்று கலைமணி பொதுவாக இரண்டு விசில் வைத்தார். மறுநாள் அரூர் பேருந்து நிலையத்தில் சவரிமுத்து ஏறி இடம்பிடித்தார். அவர் மனைவி ராயம்மாள் ஒரு காலைப் படியில் வைக்கும்போது மணி பத்து நாற்பது. இரண்டு விசில் கேட்ட ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். ராயம்மாள் காய்கறிப் பையோடு நிலையத்திலேயே நின்றார்.

அன்றிரவு சத்தத்தை முழுவதுமாக நிறுத்தினார் கலைமணி. அதுவும் போதவில்லை. புள்ளி யாருடையது என்று தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலியையே எடுத்துவிடலாம் என்று சவரிமுத்து தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் நிலைமை அப்படி.

பெயரைப் பார்ப்பதில்லை என்று தனக்குத்தானே விதித்திருந்த விதியை மீறி, கலைமணி பதிவுகளைத் திறந்தார். அத்தனை புள்ளிகளும் ஒரே போனிலிருந்து வந்திருந்தன. மாரண்டஹள்ளி காவேரி. மூன்று வருஷத்துக்கு முன் பனிச்சரிவில் இறந்துபோன நாயக் தமிழ்மணியின் மனைவி. பாவம், போனில் தொடுதிரை கெட்டுப்போயிருக்கும், புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பைக்கின் பின்னால் சவரிமுத்து ஏறிக்கொண்டார்.

காவேரி தக்காளி மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. இவர்கள் போய்ச் சேர்ந்த சமயம் மண்டிக்கு டீ வந்தது. ஒரு நிமிஷம் என்று இவர்களிடம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தாள். போனை எடுத்தாள், ஒரே ஒரு முறை தொட்டாள், அனுப்பினாள். இருவர் சட்டைப் பையிலும் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது.

கலைமணி போனை வாங்கிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

"எதாச்சும் உதவி வேணும்னா எழுதலாமேம்மா," என்றார் சவரிமுத்து. வரும் வழியெல்லாம் தயார் செய்த கோபம் குரலில் இல்லை. "வெறும் புள்ளி எதுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டியதில்லீங்க சார். பென்ஷன் வருது, வேலை இருக்குது," என்றாள் காவேரி. முதல் புள்ளி பாலக்கோடு தாலுகா ஆபீசில் ஒரு நாள் காத்திருந்தபோது கை தவறிப் போனது என்றாள். எதிர் பெஞ்சில் இருந்த இரண்டு பெரியவர்கள் அவளைப் பார்க்கவே இல்லையாம். புள்ளி போனதும் அவர்கள் போனில் பியூகிள் கேட்டதாம்.

அவள் டீயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒரு புள்ளி வெச்சா எங்க வூட்டுக்காரருக்கு ஜில்லாவே எந்திரிச்சு நிக்குதுங்களே சார், அத எப்படிங்க அனுப்பாம இருக்கறது?"