மாப்பிள்ளையின் காலுக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே மாட்டிக்கொள்வேன். எனவே, மனிதர்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பூச்சிகளைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை. அங்கு உங்கள் உடல்நலம், குறிப்பாகக் கால்களின் நலம் அறிய ஆவல்.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் அரைக்கால் சட்டையோடு குளத்தோரம் நின்றாக வேண்டும். கெண்டைக்காலில் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள் இருந்தால், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். "என் காலா, உன் பூச்சியா, ஒண்ணைச் சொல்லு" என்று நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் மகள் கொஞ்சமாவது யோசித்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். அது என் வளர்ப்பின் கோளாறு. பெட்டி ஒரு கையில், கண்ணாடி ஜாடிகள் இரண்டு மறு கையில் என்று அவள் இங்கே வந்து இறங்கியபோது, ஜாடிக்குள் ஏதோ விதை என்றுதான் நினைத்தேன். விதை நடந்தது. உங்கள் அத்தை அன்றைக்கே தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை, என் நிலைமையை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் சினிமா தியேட்டர் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலம் முழுக்க என் ஒரே எதிரி மூட்டைப்பூச்சி. படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜனங்கள் பாதியில் எழுந்து நெளிவார்கள், நான் ஒவ்வொரு வாரமும் இருக்கைகளுக்கு அடியில் தவழ்ந்து மருந்தடிப்பேன். அதே மூட்டைப்பூச்சி என் வீட்டு வரவேற்பறையில், வலைத்துணி கட்டிய ஜாடிக்குள், என் மகளின் ஆராய்ச்சி என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. "அப்பா, நீங்க வருஷக்கணக்கா மருந்தடிச்சு, சாகாததா பார்த்துப் பொறுக்கி வளர்த்து விட்டிருக்கீங்க. அதனாலதான் எனக்கு வேலை" என்றாள். ஆதியில் குகைக்குள் வௌவாலைக் கடித்துக்கொண்டு சிவனே என்று இருந்த பூச்சி, மனிதன் குடிவந்ததும் அவன் பின்னாலேயே கிளம்பிவிட்டதாம். நாய்க்கும் முன்னால் நம்மோடு சேர்ந்துகொண்டது, இன்றுவரை நம்மை விட்டுப் போகவில்லை என்று பெருமையாகச் சொல்கிறாள். இப்போதெல்லாம் யார் அப்படி இருக்கிறார்கள் என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவள் ஜாடிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் வெதுவெதுப்பான ரத்தத்தைச் சவ்வு கட்டிய கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் மற்ற பூச்சிகள் குடிக்குமாம். எந்த மருந்துக்கும் சாகாத இந்தக் குடும்பம் மட்டும் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காதாம். உயிருள்ள கால்தான் வேண்டுமாம். பூச்சி அறையில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்த வாடையில் செத்துவிடும் என்று மேலதிகாரியே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அவள் காலையே கொடுக்கலாம் என்றால், பல வருடம் கடிபட்டு ஒவ்வாமை வந்து, ஒரு கடிக்கு முழங்கால்வரை வீங்குகிறது. வீட்டில் மிச்சம் இருந்தது என் கால். ஜாடியைக் கவிழ்த்துக் கெண்டைக்காலில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டிவிட்டு, "பேப்பர் படிங்கப்பா, தெரியாது" என்பாள். தெரிந்தது. ஆனால் அவை குடித்து உப்பி உருளும்போது அவள் முகம் கொஞ்சம் மலரும். உங்களைப் பிரிந்து வந்தபின் அந்த முகம் மலர்ந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அதற்காகவே மறு காலையும் நீட்டினேன்.

விபரீதம் இதற்கப்புறம்தான். அரிப்பு தாங்கவில்லை. தோல் மருத்துவரிடம் போனேன். அவர் தடிப்பைப் பார்த்த பார்வையிலேயே "வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, அந்தக் கேள்வியைச் சுகாதார அதிகாரிகள், விநியோகஸ்தர்கள், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டவர்கள் என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லிப் பழக்கம். அது தானாக வாயில் வந்துவிட்டது. "சேச்சே, எங்க இடத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றேன். "அப்படின்னா இது சிரங்கு" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் நல்ல பிள்ளையாக விழுங்கிவிட்டு வந்து, வழக்கம்போல் இரண்டு ஜாடிகளுக்கும் காலைக் கொடுத்தேன். பூச்சிகளும் நல்ல பசியோடு குடித்தன. அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாகக் காலை மடக்கிக்கொண்டு ஜாடியின் அடியில் விழுந்தன. உலகத்து மருந்துக்கெல்லாம் தப்பிய வம்சம் என் ரத்தத்துக்குத் தப்பவில்லை. அவள் மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் படித்தாள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா, இதைப் போட்டவங்க ரத்தத்தைக் குடிச்சா கொசு சாகும், மூட்டைப்பூச்சியும் சாகும். இதை வெச்சே எத்தனை பேர் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க தெரியுமா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. குரலை உயர்த்தவே இல்லை. இப்போது வெறும் ஜாடிகளைக் கழுவித் துடைத்து வைக்கிறாள், மறுநாள் எடுத்து மறுபடியும் கழுவுகிறாள். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். பூச்சி செத்த செய்தி கேட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்த உங்கள் அத்தைகூட, அவளைப் பார்த்துவிட்டு, "அதுங்க இருந்திருக்கலாங்க" என்கிறாள். பெற்ற மகளை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை, மாப்பிள்ளை.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். மூன்றாவது ஜாடி ஒன்றை உங்கள் வீட்டில், படுக்கையறை அலமாரியின்மேல், கிளம்புகிற கோபத்தில் மறந்துபோய் விட்டுவிட்டு வந்ததாக ஒருமுறை சொன்னாள். அதில் குஞ்சுகள் மட்டும் இருக்கின்றனவாம். இவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைக்கும் ஜாதி. நீங்கள் அதைத் தூக்கி எறிந்திருக்காவிட்டால், கடிதம் கண்டதும் எடுத்து உங்கள் காலில் கட்டிக்கொள்ளுங்கள். குளத்தோரம் தெரியாதபடி தொடையில் கட்டலாம். பிறகு, இத்தனை நாளும் நீங்களே அக்கறையாகப் பார்த்துக்கொண்டதைப்போல, அந்த ஜாடியோடு நேரில் வாருங்கள். நான் எழுதியது நமக்குள் இருக்கட்டும். தியேட்டர்காரனுக்கு ஒரு காட்சியை எப்படி அமைப்பது என்று தெரியும். நீங்கள் வாசலில் வந்து நின்றாலே போதும், மற்றது தானாக நடக்கும்.

உங்கள் அத்தை உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உங்கள் குளத்தில் தண்ணீரும் பிள்ளைகளும் என்றும் நிறைந்திருக்கட்டும், கால்கள் தழும்பின்றி ஆறட்டும் என்று மனதார வாழ்த்தும்,

மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவு எண்ணில் சந்தேகம் வந்து அவளையே கேட்டேன். உறையை வாங்கிப் பார்த்தவள் கடிதத்தையே படித்துவிட்டாள். "நான் ஜாடியை மறந்துட்டு வரலப்பா, வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன்" என்றாள். ரத்தம் குடிக்காமல் எந்தக் குஞ்சும் தோல் உரிக்காதாம். ஜாடிக்குள் கிடக்கும் தோல்களைப் பார்த்தாலே அவள் கிளம்பிய பிறகு எத்தனை தடவை குடித்திருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்துவிடுமாம். இன்றைக்குக் கட்டினால் இன்றைய கணக்குதான் தெரியும், அதனால் நீங்கள் இப்போது காலைக் கொடுத்துப் பயனில்லை. தோல்கள் கிடந்தால் நீங்களே கொண்டுவர வேண்டுமாம். கிடக்காவிட்டால் ஜாடியைக் கூரியரில் அனுப்பினால் போதுமாம், நீங்கள் வர வேண்டாமாம். இதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை, அலமாரிமேல் எட்டிப் பாருங்கள். உரித்திருக்கின்றனவா?